வேறு ஊருக்குக் கொண்டுபோனால் என் வான் பாஸாகுமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு, 1990களில் வந்த டொயோட்டா டவுன்ஏஸ் டீசல் வான் ஒன்றை வாங்கி, உல்லாசப் பயணிகளை நிலாவெளிக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் கோணேஸ்வரத்துக்கும் ஏற்றி இறக்கிப் பிழைக்கிறார். வான் புகைப் பரிசோதனையில் இரண்டு முறை தோற்றுவிட்டது. புகைச் சான்றிதழ் இல்லாமல் புதுப்பிக்க முடியாத வருமான அனுமதிப்பத்திரம் அடுத்த மாதம் முடிகிறது. நண்பர் ஒருவர் இதே வகை வானை அனுராதபுரத்துக்குக் கொண்டுபோய் முதல் தடவையிலேயே சான்றிதழ் வாங்கி வந்திருக்கிறார். இங்கிலாந்தில் இருக்கும் மச்சானோ, அங்குள்ள வருடாந்த வாகனப் பரிசோதனையில் பிரதேசத்துக்குப் பிரதேசம் தேர்ச்சி வீதம் வேறுபடுகிறது என்ற செய்தியை அனுப்பியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர், "வெள்ளைக்காரன் நாட்டிலேயே ஊருக்கு ஊர் கை வித்தியாசம் இருந்தால் இங்கே இருக்காதா?" என்று கேட்கிறார்.

இடையில் ஒரு தரகர் வேறு. வானைக் கொண்டுவரவே வேண்டாம், வேறொரு வானை நிறுத்திச் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்கிறாராம். மனைவிக்கு அதில் உடன்பாடில்லை. இருப்பதை விற்றுவிட்டு லீசிங்கில் புதிதாக ஒன்று எடுக்கலாமா என்பதும் ஒரு கேள்வி. கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் மூன்று விஷயங்களைச் சொல்லியிருக்கிறார்: அடிப்பாகம் உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கிறது, ஆனால் அதை யாரும் பார்ப்பதில்லை, முன் டயர்கள் வான் வாங்கியபோது இருந்தவைதான், பெரிதாகத் தேயவில்லை, காப்புறுதியைத் தனிப்பட்ட பாவனை என்று எடுத்திருக்கிறேன், கட்டணம் குறைவு.

அன்பின் வாசகருக்கு,

நீங்கள் கேட்டவை எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட அந்தக் கடைசி மூன்று விஷயங்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. விபத்தில் சிக்கிய வாகனங்களைப் பார்த்துக் காப்புறுதி நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதுவது என் தொழிலின் ஒரு பாதி. அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறவை துரு, டயர், பிரேக் ஆகியவையே. புகை வந்ததால் வான் மோதியது என்று நான் எழுதியதில்லை.

அனுராதபுரத்தில் நடந்தது என்ன?

முதலில் ஒரு விஷயம்: புகைச் சான்றிதழை நாட்டின் எந்த நிலையத்திலும் எடுக்கலாம். அனுராதபுரத்துக்குப் போவது சட்டப்படி குற்றமே அல்ல. நண்பர் சொன்ன முடிவும் உண்மையாகத்தான் இருக்கும். அவர் அதற்குச் சொல்லும் காரணத்தைத்தான் நான் ஏற்கவில்லை.

டீசல் வாகனத்துக்குச் செய்யப்படும் சோதனை இதுதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கியர் போடாமல், ஆக்சிலேட்டரை விரைவாக முழுவதும் அமுக்குவார்கள். வெளிவரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதைக் கருவி அளக்கும். இப்படிச் சில தடவை செய்வார்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் இருந்தால் டீசல் முழுதாக எரியாது, புகை கூடும். புகைக்குழாயில் மாதக்கணக்கில் படிந்த கரியும் அந்த நேரத்தில்தான் பெயர்ந்து வரும்.

இப்போது உங்கள் கதைக்கு வாருங்கள். உப்புவெளியிலிருந்து நகரத்துக்கு வருவது சிறிய தூரம். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "வரிசை நீளமாக இருந்ததால் எஞ்சினை நிறுத்திவிட்டு நிழலில் காத்திருந்தேன்." அதாவது அரைச் சூட்டில் வந்த எஞ்சினை ஆறவைத்துவிட்டுச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நண்பரோ ஹொரவப்பொத்தானை வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப் போயிருக்கிறார். எஞ்சின் நன்றாகச் சூடேறி, குழாயில் இருந்த கரியில் ஒரு பகுதி வழியிலேயே கொட்டியிருக்கும். பாராட்டு அந்த வீதிக்குத்தான் போகவேண்டும். பரிசோதகர் இரக்கப்பட்டார் என்று நான் நினைக்கவில்லை. புகையின் அளவு வரம்பு வர்த்தமானி மூலம் முழு நாட்டுக்கும் ஒன்றாக விதிக்கப்பட்டது. அனுராதபுரத்துக்குத் தனி வரம்பு கிடையாது.

மச்சான் அனுப்பிய செய்தியை எப்படி வாசிப்பது?

எம்.ஓ.டி. என்பது மச்சான் சொன்ன பிரித்தானிய வருடாந்த வாகனப் பரிசோதனை. அது 1960இல் தொடங்கியது. ஆரம்பத்தில் 10 வருடம் பழைய கார்களுக்கு மட்டும். இப்போது 3 வயது ஆனதிலிருந்து வருடா வருடம். வட அயர்லாந்தில் 4 வயதிலிருந்து. ஒவ்வொரு வருடமும் முதல் தடவை கொண்டுபோகும்போது ஏறத்தாழ 10 கார்களில் 3 தோற்கின்றன. காரணங்களில் முன்னால் நிற்பவை விளக்கு, சஸ்பென்ஷன், பிரேக், டயர். அந்தத் தரவு பகிரங்கமாக வெளியிடப்படுகிறது. பரிசோதனை நிலையத்தின் தபால் குறியீட்டுப் பகுதி அதில் இருப்பதால், பத்திரிகைகள் ஊர் ஊராகப் பட்டியல் போடுகின்றன.

அந்தப் பட்டியலைப் பார்த்துப் பரிசோதகரின் கை பற்றி முடிவு எடுப்பது, சாதாரண தரப் பரீட்சை முடிவை வைத்து விடைத்தாள் திருத்தியவர் நல்லவரா கெட்டவரா என்று சொல்வது போன்றது. முதலில் யார் பரீட்சை எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். புதிய கார்களும் நிறுவனங்களின் வாடகைக் கார்களும் நிறைந்த பகுதியில் தேர்ச்சி கூடும். வருமானம் குறைந்த இடத்தில், கிராமப்புறத்தில், கார்கள் வயதானவை. நீண்ட தூரம் ஓடியவை. வீதிக் குழிகளில் சஸ்பென்ஷனை இழந்தவை. குளிர்காலத்தில் பனியைக் கரைக்க வீதியில் உப்பைக் கொட்டுகிறார்கள், அது அடிப்பாகத்தைத் தின்கிறது. கடலோர ஊர்களில் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் வானுக்கு நடப்பதும் அதுதான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு, செய்தித் தலைப்புகளில் அது வராது. அங்கே ஒரு பல்ப் எரியவில்லை என்றால், நிலையத்திலேயே ஒரு மணி நேரத்துக்குள் மாற்றிவிட்டால் சான்றிதழ் கிடைத்துவிடும். அதைத் தோல்வியாக எண்ணுவதா, தேர்ச்சியாக எண்ணுவதா என்பதைப் பொறுத்து ஒரே ஊரின் வீதம் மேலே போகும், கீழே வரும். பரிசோதகர்களிடையே வித்தியாசமே இல்லை என்று நான் வாதாடவில்லை. பிரித்தானியாவின் பெரும்பகுதியில் சோதனை செய்யும் கராஜே பழுதும் பார்க்கிறது, அதனால் சந்தேகம் வருவது இயல்பு. வட அயர்லாந்தில் அரசு நிலையங்களே சோதிக்கின்றன. ஆனால் பட்டியலில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பகுதி வாகனங்களின் வித்தியாசம்.

இதைவிட முக்கியமான தவறு ஒன்று உங்கள் ஒப்பீட்டில் இருக்கிறது. அந்தப் பரிசோதனையும் நம்முடைய புகைப் பரிசோதனையும் ஒன்றல்ல. அங்கே வாகனத்தை லிஃப்டில் ஏற்றி அடியில் தட்டிப் பார்க்கிறார்கள், உருளையில் ஏற்றிப் பிரேக்கை அளக்கிறார்கள். இங்கே 2008இல் தொடங்கிய நமது சோதனை புகையை மட்டும் அளக்கிறது. லொறி, பஸ் போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் தனியாக உண்டு. சாதாரண தனியார் காருக்கு வருடாந்த அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் போதும். அதன் பிரேக்கை வருடத்துக்கு ஒருமுறை பார்க்க ஒருவரும் இல்லை. ஆகவே "பாஸ் ஆகிவிட்டது, இனிப் பயமில்லை" என்று உங்கள் நண்பர் சொன்னதைத் தயவுசெய்து நம்பவேண்டாம். அவருடைய வானின் புகை அன்று வரம்புக்குள் இருந்தது. சான்றிதழ் சொல்வது அவ்வளவுதான்.

புகையை எங்கே தேடுவது?

யாரையாவது ஆக்சிலேட்டரை அமுக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று நிறத்தைப் பாருங்கள். கறுப்பாக வந்தால் டீசல் கூடுதலாக அல்லது காற்று குறைவாகப் போகிறது. முதலில் எயார் ஃபில்டர்: கடற்கரை மணலில் ஓடும் வானுக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், விலையும் பெரிதல்ல. அடுத்து எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள்: டீசல் பம்ப் பழுதுபார்க்கும் இடத்தில் கழற்றிச் சோதித்து, தேவையானால் முனைகளை மாற்றச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பம்ப் அனுப்பும் டீசலின் அளவும் அனுப்பும் நேரமும் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீலமாக வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம், அது பெரிய செலவு. சூடேறிய பிறகும் வெள்ளையாக வந்துகொண்டிருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள்.

சில மெக்கானிக்குகள் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: சோதனைக்கு முன் பம்ப்பின் திருகைக் குறைத்து, சான்றிதழ் வாங்கியதும் பழையபடி கூட்டிவிடுவது. சான்றிதழ் கிடைக்கும்தான். அதன் பிறகு வருடம் முழுவதும் வீணாகும் டீசலுக்கு நீங்களே பணம் கட்டுவீர்கள்.

மூன்றாவது முறை போகும்போது கந்தளாய்ப் பக்கம் ஒரு நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டு நேராக நிலையத்துக்குப் போங்கள். வரிசையில் எஞ்சினை நிறுத்தவேண்டாம். போவதற்கு முன் ஒயில் மட்டத்தைப் பாருங்கள், டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். முழு வேகத்தில் எஞ்சினை முறுக்கும் சோதனையில் கிழட்டுப் பெல்ட் அறுந்தால், சான்றிதழோடு எஞ்சினும் போய்விடும்.

தரகரைப் பற்றி உங்கள் மனைவி சொன்னதே சரி. வேறு வானின் புகையை உங்கள் வானின் புகை என்று காட்டுவது மோசடி. பிடிபட்டால் தரகர் எங்கே இருப்பார் என்று உங்களுக்கே தெரியும். பத்திரத்தில் இருப்பது உங்கள் பெயர். பிடிபடாவிட்டாலும் பயனில்லை. ஆட்களுக்குக் காயம் பட்ட விபத்தொன்று நடந்தால், பொலிஸார் மோட்டார் வாகனப் பரிசோதகரை அழைப்பார்கள். அவர் பிரேக்கையும் டயரையும் ஸ்டியரிங்கையும் பார்த்து எழுதுவதுதான் நீதிமன்றத்துக்குப் போகும். புகைச் சான்றிதழை நீட்டி அதற்குப் பதில் சொல்லமுடியாது. அனுமதிப்பத்திரம் முடிந்த பிறகு சில நாட்கள் தாமதமானால் தாமதக் கட்டணம் கட்டலாம். அதுவரை வானை வீட்டில் நிறுத்துங்கள், வீதியில் எடுக்கவேண்டாம்.

யாரும் பார்க்காத அடிப்பாகம்

உங்கள் ஊர்க் காற்றில் இரும்பு நிற்காது. உப்புவெளியில் வீட்டு ஜன்னல் கம்பிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள், வானின் அடியில் நடப்பதும் அதுதான், அங்கே வண்ணம் பூச ஆள் இல்லை. ஆனால் எல்லாத் துருவும் ஒன்றல்ல. கதவின் ஓரத்தில் வரும் துரு அழகுக்குக் கேடு. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சீட் பெல்ட் பொருத்திய இடங்களில் வரும் துரு உயிருக்குக் கேடு. பிரித்தானியப் பரிசோதகர் இந்த இடங்களைச் சுற்றி 30 சென்டிமீற்றருக்குள் வலுவிழந்த இரும்பைக் கண்டால் வாகனத்தைத் தோற்கடிப்பார். இந்த அளவை நீங்களும் கடன் வாங்கலாம்.

லிஃப்ட் உள்ள ஒரு கராஜில் வானை ஏற்றச் சொல்லுங்கள். ஒரு சிறிய சுத்தியலால் பின் ஸ்பிரிங் பொருத்திய இடத்தில் மெல்லத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மந்தமாகச் சத்தம் போடும், செதில் செதிலாகக் கொட்டும், சில நேரம் சுத்தியல் உள்ளே போய்விடும். கறுப்பு அண்டர்சீல் தடவி மறைத்த இடங்களைக் கூடுதலாகச் சந்தேகியுங்கள். அப்படியே பிரேக் குழாய்களில் விரலை ஓட்டிப் பாருங்கள். மேல் பரப்பு சொரசொரப்பாகி உப்பியிருந்தால் மாற்றிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். கோணேஸ்வரத்து ஏற்றத்தில் ஆட்களோடு வானை நிறுத்தும்போது கைப்பிரேக் தனியாகப் பிடிக்கிறதா, அல்லது கியரில் போட்டு, சில்லுக்குக் கல்லும் வைக்கிறீர்களா? இரண்டாவது என்றால் கைப்பிரேக்கையும் சேர்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

முன் டயர்கள் தேயவில்லை என்கிறீர்கள். டயருக்குத் தேய்மானம் மட்டும் அளவல்ல, வயதும் உண்டு. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நீங்கள் வாங்கியபோது இருந்ததே அது என்றால், யார் எப்போது போட்டதோ தெரியாது. பக்கச் சுவரை அழுத்தி மயிரிழை வெடிப்புகளைத் தேடுங்கள். பிரித்தானியாவில் பஸ், லொறிகளின் முன் அச்சில் 10 வருடத்துக்கு மேற்பட்ட டயர்களை 2021 பெப்ரவரியிலிருந்து தடைசெய்துவிட்டார்கள். பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்த கிழட்டு டயர்கள் வெடித்து மனிதர்கள் இறந்த பிறகு வந்த சட்டம் அது. கச்சான் வீசும் மாதங்களில், காற்றுக் குறைந்த டயரில், ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றி ஹபரணை வீதியில் வேகமாகப் போகும் வானை நினைத்துப் பாருங்கள். ஆழத்தை அளக்க விரும்பினால் மச்சானிடம் 20 பென்ஸ் நாணயம் ஒன்று கேளுங்கள். டயரின் பள்ளத்தில் அதைச் செருகினால் நாணயத்தின் வெளி விளிம்புப் பட்டை மறையவேண்டும். விளிம்பு தெரிந்தால் அங்குள்ள சட்ட அளவான 1.6 மில்லிமீற்றருக்குக் கீழே போயிருக்கலாம்.

விளக்குகளை இரவில் ஒரு சுவருக்கு நேரே நிறுத்திப் பாருங்கள். ஒன்று வானத்தையும் ஒன்று நிலத்தையும் பார்த்தால் சரிசெய்யுங்கள். நிலாவெளி வீதியில் படுத்திருக்கும் மாடுகளும் கந்தளாய்க்கு அப்பால் குறுக்கே வரும் யானைகளும் கடைசி நொடியில்தான் தெரியும்.

விற்பதா, வைத்திருப்பதா?

அந்தச் சுத்தியல் சொல்லட்டும். பொருத்துமிடங்கள் உறுதியாக இருந்தால் இன்ஜெக்டர், பிரேக், இரண்டு முன் டயர் என்று வரும் செலவை லீசிங்கின் சில மாதத் தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வைத்திருப்பதே நல்லது என்று நினைப்பீர்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வாகனங்களுக்குக்கூட விலை ஏறிக்கிடந்தது, 2025இல் கதவு திறந்தும் வரிகள் கனமாகவே இருக்கின்றன. சுற்றுலாப் பருவம் ஒன்று கெட்டால் தவணை நிற்காது. பொருத்துமிடங்கள் உளுத்திருந்தால் ஒட்டுப்போட்டு விற்கவேண்டாம். வாங்குபவரிடம் உள்ளதைச் சொல்லி அந்த விலைக்கு விற்றுவிடுங்கள், அல்லது உதிரிப்பாகமாகக் கொடுங்கள். உல்லாசப் பயணிகளை அதில் ஏற்றக்கூடாது.

கடைசியாகக் காப்புறுதி. தனிப்பட்ட பாவனைக்கு என்று எடுத்துவிட்டுக் கூலிக்கு ஆட்களை ஏற்றுகிறீர்கள். விபத்து நடந்தால் நிறுவனம் முதலில் கேட்பது அன்று வான் எதற்காக ஓடியது என்பதுதான். பயணிகள் பொய் சொல்லமாட்டார்கள், பணம் கொடுத்து ஏறினோம் என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் வானின் சேதத்துக்கான கோரிக்கையை நிராகரிக்க அது ஒன்றே போதுமான காரணமாகலாம். வாகனத்தை ஓடத்தக்க நிலையில் வைத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் பொதுவாக எல்லாப் பத்திரங்களிலும் உண்டு. துருவும் பழைய டயரும் அங்கே உங்களுக்கு எதிராகப் பேசும். இந்த வாரமே காப்புறுதி முகவரிடம் போய் ஹயர் பாவனைக்கு மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்படியே பிரதேச செயலகத்தில் பதிவுச் சான்றிதழைக் காட்டி, உங்கள் வானின் வகைக்குக் கூலிப் பயணத்துக்கு வேறு என்ன பத்திரங்கள் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இரண்டு விசாரணைக்கும் பணம் செலவாகாது, ஆகவே இன்ஜெக்டருக்கு முன் இவற்றை முடியுங்கள்.